ஏழு உருப்படிகள்

அத்தியாயம் 6

மனுவின் மேல் குத்தியிருந்த சீட்டை நான் ஐந்தாவது தடவையாகப் படித்தேன். நாலு தடவை படித்தபோது மாறாத எழுத்து ஐந்தாவது தடவையில் மாறிவிடும் என்ற நப்பாசைதான்.

மாறவில்லை. 'சலவைக்கூடத் தொழிலாளர் சங்கம் என்ற பெயரில் ஏற்கனவே ஒரு சங்கம் பதிவாகியுள்ளதால் மனு ஏற்கப்படவில்லை.' கீழே சிவப்பு மையில் ஒரு கிறுக்கல் கையெழுத்து.

மணி இரண்டரை. பதிவு அலுவலகம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடும். நாளைக் காலை பத்து மணிக்கு இஸ்திரி அக்காவுக்கு விசாரணை. நடுவில் இருந்தது இரண்டரை மணி நேரமும், மின்விசிறி சுற்றாத இந்தக் கூடமும்தான்.

இதுவரை நாங்கள் தொலைந்த ஆளைத் தேடியிருக்கிறோம், தொலைந்த நகையைத் தேடியிருக்கிறோம், ஒரு தடவை தொலைந்த கிளியைக்கூடத் தேடியிருக்கிறோம். சங்கத்தைத் தேடுவது இதுதான் முதல் தடவை. நூற்றுப்பத்து பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருத்தருக்கும் தெரியாமல் ஒரு சங்கம் இருக்கிறதாம். அதைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் இஸ்திரி அக்கா நேற்று எங்களிடம் வந்தாள்.

எங்கள் முதலாளியை எல்லாரும் நிதானம் என்று கூப்பிடுவார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பை ஜோடி பார்த்துப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். என்னை வாயாடி என்பார்கள். காரணம் கேட்பவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இஸ்திரி அக்கா இருபது வருடமாக அந்தப் பெரிய சலவைக்கூடத்தில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் விரிப்புகளும் அங்கேதான் வெளுக்கின்றன. ஈர விரிப்பை இழுத்து அழுத்திக் காய வைக்கும் உருளை எந்திரம் ஒன்று இருக்கிறது. போன வருடம் அவளுடைய சொந்தத் தங்கையின் வலது கையில் மூன்று விரல்களை அது இழுத்துக்கொண்டது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி போடுங்கள் என்று அக்கா மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை கேட்டபோது, வேலைக்கு இடைஞ்சல் செய்கிறாள் என்று மேனேஜர் அவளை வெளியே நிறுத்திவிட்டார். நாளை விசாரணையில் அந்த வேலை போகப்போகிறது, தடுப்புக் கம்பிப் பேச்சும் அதோடு போய்விடும்.

பதிவான சங்கம் ஒன்று இருந்தால் அதன் ஆட்கள் விசாரணையில் அவள் பக்கத்தில் உட்காரலாம், சாட்சி கூப்பிடலாம், கம்பி எங்கே என்று கேட்கலாம். பதிவு எண் இல்லாவிட்டால் மேனேஜர், அவருடைய வக்கீல் இருவருக்கும் எதிரில் அக்கா தனியாக நிற்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

வாசலை ஒட்டித் தபால் பிரிவு. அக்கா, தங்கையோடு உள்ளே நுழைந்த எங்களைப் பார்த்ததும் அங்கே இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். சிரித்த முகம். இரண்டு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"என்னக்கா, மறுபடியும் அலைய விட்டுட்டாங்களா? பாவம். உள்ள இருக்காரே, அவரு அப்படித்தான். மனுசனுக்கு மனசே கிடையாது."

உள்ளே இருந்தவரைப் பார்த்ததும் அது உண்மை என்றே எனக்குப் பட்டது. கம்பி வலைக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர், சட்டைப் பையில் மூன்று சிவப்புப் பேனா. அக்காவும் தங்கையும் அவரைச் சிவப்பு மை என்றுதான் சொன்னார்கள்.

"அந்த இன்னொரு சங்கத்தோட கோப்பைப் பார்க்கணும்," என்றார் நிதானம்.

"பார்வைக்கு மனு போடணும்."

"போடறோம்."

"படிவம் தீர்ந்துபோச்சு."

"எப்ப வரும்?"

"அச்சகத்துலதான் கேக்கணும்."

"அச்சகம் எங்க இருக்கு?" என்றேன் நான்.

"அதுக்கும் ஒரு மனு போடணும்."

வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. நிதானம் என் முழங்கையைத் தொட்டு என்னைப் பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இது ஒண்ணும் புதுசு இல்லம்மா," என்றாள் இஸ்திரி அக்கா. "நாலாம் தேதி முதல் மனு கொடுத்தோம். என்னமோ எழுத்துப் பிழையாம், பத்தாம் தேதி போட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு. சரி பண்ணிக் கொடுத்தோம். அப்புறம், திருத்தம் செய்யத் தலைவி எனக்கு அதிகாரம் இருக்குன்னு ஏழு பேரும் கையெழுத்துப் போட்ட கடுதாசி வேணும்னாரு. எதுக்குய்யான்னு கேட்டா, வேணும்னா வேணும்னாரு. ஷிஃப்ட் மாத்தி ஷிஃப்ட் ஓடி ஏழு கையெழுத்து வாங்கறதுக்குள்ள உசுரு போச்சு. அதையும் கொடுத்தோம். இப்போ பேரே இல்லைங்கறாரு."

"அவரு கைக்கு ஒரு சாமியார் விண்ணப்பம் வந்தாலும், மோட்சத்துக்கு முகவரிச் சான்று எங்கேன்னு கேப்பாரு," என்றேன்.

தங்கை சிரிக்கவில்லை. அவள் வலது கையை மடியிலிருந்த பைக்கு அடியில் வைத்திருந்தாள். வந்ததிலிருந்தே அந்தக் கை வெளியே வரவில்லை.

அதற்குள் தபால் பிரிவுச் சிரித்த முகம் எங்களைத் தேடி வந்துவிட்டார். "சார், எதுக்கு இந்த வேகற இடத்துல உட்கார்ந்திருக்கீங்க? அந்த மூணாம் தேதிக் கோப்பு மாடி அறையில இருக்கு. சாவி நாளைக்கு மதியம்தான் வரும். நீங்க வீட்டுக்குப் போங்க, நானே எடுத்து வெச்சிருக்கேன்."

நல்ல மனிதர் என்று நான் நினைத்தேன். நிதானம் அவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வாயாடி, எந்தக் கோப்பைப் பார்க்க வந்தோம்னு அவர்கிட்ட நீ சொன்னியா?"

"இல்லையே சார்."

"மூணாம் தேதின்னு?"

"நமக்கே தெரியாதே."

"ம்," என்றார். அவர் 'ம்' என்றால் மற்றவர்கள் பாதிக் கதை சொன்னதற்குச் சமம்.

மணி மூன்றே கால். நிதானம் கூடத்துச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை முன்னால் போய் நின்றார். அதில் பழுப்பேறிய மாதிரிப் படிவங்கள் குத்தியிருந்தன. ஏழாவது படிவம், கோப்புப் பார்வைக்கான மனு. அதன் தலைப்பில் 'இந்த மாதிரியில் இருக்க வேண்டும்' என்று போட்டிருந்தது.

"மாதிரியில இருக்கணும்னுதான் போட்டிருக்கு, அச்சுல இருக்கணும்னு போடலயே," என்றார். "யாராவது அழகா எழுதுவீங்களா?"

"என் தங்கச்சி எழுதுவா," என்றாள் அக்கா. "சங்கத்து விதி எல்லாத்தையும் அவதான் எழுதினா. இடது கையால."

தங்கை எழுதினாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தையும் தனியாக நிறுத்தி எழுதினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். மூன்று நாற்பதுக்கு முடிந்தது.

சிவப்பு மை அந்தத் தாளை வாங்கிப் பலகைக்கே நடந்து போய் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். திரும்பி வந்தார். ஏதாவது நொட்டை சொல்வார் என்று நானும் வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"மாதிரிப்படி இருக்கு," என்றார். தனக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து வைத்தார்.

மாடி அறையும் இல்லை, சாவியும் இல்லை. நான் தபால் பிரிவைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்த முகத்தில் இப்போது முகம் மட்டும்தான் இருந்தது.

கோப்பின் முதல் பக்கத்தில் பெயர்: சலவைக்கூடத் தொழிலாளர் சங்கம். வரவு முத்திரை மூன்றாம் தேதி. அக்காவின் முதல் மனுவுக்குச் சரியாக ஒரு நாள் முன்னால். ஒரே பெயரில் இரண்டு மனு வந்தால் முதலில் வந்ததற்குத்தான் பெயர். பதிவான தேதி இருபத்துநாலு.

மனுதாரர்கள் ஏழு பேர். அக்கா விரலை வைத்துக்கொண்டே போனாள். "இவன் மேனேஜர் டிரைவர். இது அவரு மச்சான். இது வாசல் காவலாளி. இவரு ஆபீஸ்ல டைப் அடிக்கறவரு. இந்த மூணும் கூட ஆபீஸ்தான். ஏழு பேர்ல ஒருத்தர் கூட ஈரத்துணியக் கையால தொட்டதில்ல."

"தொடணும்னு சட்டத்துல இல்ல," என்றார் சிவப்பு மை வலைக்குப் பின்னாலிருந்து.

"உங்களை யாரும் கேக்கல," என்றேன்.

நிதானம் பக்கங்களைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசி வரை போய்த் திரும்பி முதலுக்கு வந்தார்.

"வாயாடி, இந்தக் கோப்புல என்ன இல்ல?"

"நியாயம் இல்ல."

"அது இங்க எந்தக் கோப்புலயும் தேடறதுக்கில்ல. வேற?"

நான் பார்த்தேன். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, நீல முத்திரை. அப்போதுதான் உறைத்தது. "சிவப்பு மை இல்ல சார். ஒரு கோடு கூட."

"அக்கா மனுவுல மூணு தடவை. இதுல ஒரு புள்ளி கூடக் கிடையாது." அவர் வலையைப் பார்த்துக் கேட்டார். "இதை நீங்க சரிபார்த்தீங்களா?"

"இருபத்துமூணும் இருபத்துநாலும் நான் லீவு," என்றார் சிவப்பு மை. "என் மேஜைக்கு வரல. பேர்ப் பதிவேட்டுல பேர் இருந்தது. அதனால உங்களுதை மறுத்தேன். விதி."

"லீவு அன்னிக்கு உங்க இடத்துல யாரு?"

"தபால் பிரிவு."

நான்கு மணி ஆகியிருந்தது. நிதானம் என்னிடம் அந்தச் சங்கத்தின் விதிகளை வாசிக்கச் சொன்னார். டைப் அடித்த நாலு பக்கம். வெந்த புண்ணில் வேல் என்பார்களே, அப்படி இருந்தது. தங்கை இடது கையால் எழுதிய அதே விதிகள், வரிசை மாறாமல். உருளைக்குத் தடுப்புக் கம்பி கேட்பது என்ற நோக்கத்தை மட்டும் நீக்கிவிட்டிருந்தார்கள்.

"திருட்டுப் பசங்க," என்றாள் தங்கை. அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவங்க மூணாம் தேதி, நீங்க நாலாம் தேதி," என்றார் நிதானம். "நீங்கதான் காப்பி அடிச்சீங்கன்னு சொல்வாங்க. படி வாயாடி."

எட்டாம் விதி வரை கொட்டாவியோடு வாசித்தேன். ஒன்பதுக்கு வந்தேன். "ஏழு உறுப்பினர்களுக்குக் குறைந்தால் சங்கம் கலைந்ததாகக் கருதப்படும். இதென்ன சலவைக் கணக்கா. பத்தாவது விதி..."

"நில்லு," என்றார் நிதானம். "ஒன்பதை மறுபடி படி."

படித்தேன். "இதென்ன சலவைக் கணக்கா. இப்படியேதான் சார் இருக்கு. சங்கத்து விதியில சந்தேகம் கேக்கறாங்க போல."

நிதானம் அக்கா பக்கம் திரும்பினார். "உங்க முதல் மனுவைத் திருப்பி அனுப்பினாங்களே, அது இருக்கா?"

இருந்தது. அக்கா பையிலிருந்து எடுத்தாள். படுக்கை விரிப்பை மடிப்பது போல மூலைக்கு மூலை சேர்த்து மடித்திருந்தாள். விரித்து ஒன்பதாம் விதியைக் காட்டினாள். காட்டும்போதே கொஞ்சம் கூசினாள்.

தங்கையின் இடது கை எழுத்து: 'ஏழு உருப்படிகளுக்குக் குறைந்தால் சங்கம் கலைந்ததாகக் கருதப்படும்.'

சலவைக்கூடத்தில் துணியை எண்ணுவது உருப்படிக் கணக்கில். நாள் முழுக்க நூறு உருப்படி, இருநூறு உருப்படி என்று எண்ணி எண்ணிப் பழகிய கை, உறுப்பினர் என்று எழுத வேண்டிய இடத்தில் உருப்படி என்று எழுதிவிட்டது. அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து மேலே 'உறுப்பினர்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில், அதே சிவப்பில், கோபமாக ஒரு வாக்கியம்: 'இதென்ன சலவைக் கணக்கா.' கீழே கையெழுத்து, பத்தாம் தேதி.

நான் மேலே பார்க்கவில்லை, கீழே பார்க்கவில்லை. சிரித்துவிட்டேன். "ஈயடிச்சான் காப்பின்னு கேள்விப்பட்டிருக்கேன். ஈயையே கையெழுத்தோட கண்ணால பார்க்கறது இன்னிக்குத்தான்."

"திருப்பி அனுப்பின மனு எந்த முகவரிக்கு வந்துச்சு?" என்று கேட்டார் நிதானம்.

"சலவைக்கூடத்து முகவரிதான் கொடுத்திருந்தோம்," என்றாள் அக்கா. "ஆபீஸ்ல ரெண்டு நாள் கிடந்துட்டுத்தான் எங்க கைக்கு வந்துச்சு. கவர் கிழிஞ்சிருந்துச்சு. தபால்ல கிழிஞ்சிருக்கும்னு..." அவள் முடிக்கவில்லை.

நிதானம் இரண்டு தாளையும் வலைக்குக் கீழே தள்ளினார். சிவப்பு மை முதலில் ஒன்றைப் படித்தார், பிறகு மற்றதை. காது மடல் இரண்டும் அவருடைய பேனா நிறத்துக்கு வந்தன.

"இது என்னுது."

"டைப் அடிச்சதுங்க," என்றேன்.

"எழுத்தைச் சொல்லல. வாக்கியம். என் வாக்கியம். பத்தாம் தேதி நான் எழுதின வாக்கியம் மூணாம் தேதி மனுவுல எப்படி வரும்?"

அவர் எழுந்து எங்களைத் தாண்டி நேராகத் தபால் பிரிவுக்குப் போனார். வரவுப் பதிவேட்டைத் திறந்தார். பக்கத்தைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார். ஒவ்வொரு நாளின் கணக்குக்கும் கடைசியில் ஒரு வரி காலியாக விட்டிருந்தது. முதல் தேதிக்குக் காலி. இரண்டாம் தேதிக்குக் காலி. நாலு, ஐந்து, ஆறு, எல்லாவற்றுக்கும் காலி. மூன்றாம் தேதிக்கு மட்டும் கடைசி வரி நிரம்பியிருந்தது.

"தினமும் ஒரு சீட்டுல துண்டு போட்டு வெச்சிருக்காரு, பஸ்ல போடற மாதிரி," என்றேன். "யாராவது பின்னாடி வந்தா உட்காரட்டும்னு."

நாற்காலியில் ஆள் இல்லை. தண்ணீர் டம்ளர் இருந்தது. டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பையையும் எடுத்துக்கொண்டா டீ குடிக்கப் போவார்கள் என்று நான் கேட்டேன்.

மதியமெல்லாம் எங்களுக்கு நாற்காலி போட்டவன் இவன். நான் மனசுக்குள் திட்டித் தீர்த்தவர் அவர். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

"அப்போ அந்தச் சங்கம் செல்லாதுதானே?" என்றாள் இஸ்திரி அக்கா. அவள் குரலில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் இருந்தது. "எங்க பேரை எங்களுக்குக் கொடுங்க."

சிவப்பு மை தலையை ஆட்டினார். "பதிவானதை ரத்து பண்ணணும்னா அவங்களுக்கு நோட்டீஸ் போகணும். முப்பது நாள் கொடுக்கணும். நான் இன்னிக்கே எழுதறேன். ஆனா முப்பது நாள்."

"எனக்கு விசாரணை நாளைக்கு."

"தெரியும். விதி."

அக்கா வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திருடினவனுக்கு முப்பது நாள். பறிகொடுத்தவளுக்கு ஒரு நாள் இல்ல. என்னய்யா விதி இது? என் தங்கச்சி விரல் போனப்ப அந்த உருளை முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துச்சா?"

எனக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. மணி நாலு முப்பத்தைந்து.

சிவப்பு மை தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அக்காவின் கோப்பை எடுத்து மெதுவாகப் புரட்டினார். ஒரு கடுதாசியில் நிறுத்தி, அதை வலைக்கு நேரே தூக்கிக் காட்டினார். ஏழு கையெழுத்துப் போட்ட கடுதாசி, திருத்தம் செய்யத் தலைவிக்கு அதிகாரம்.

"மறுத்த அன்னிலேருந்து மூணு நாளைக்குள்ள பேரைத் திருத்தலாம். ஏழு பேரும் வரணும். இது இருந்தா தலைவி ஒருத்தர் போதும்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலே முக்காலுக்குள்ள கொடுத்தா, பதிவாளர் கிளம்பறதுக்கு முன்னாடி கையெழுத்துக்கு வைப்பேன்."

அந்தக் கடுதாசிக்காக அவரை எவ்வளவு சபித்திருப்போம்.

"மாட்டேன்," என்றாள் அக்கா. "அது எங்க பேரு. அவன் திருடுவான், நான் மாத்திக்கணுமா?"

அவளுடைய கோபம் நியாயமானதுதான். நான் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். எதையாவது சொல்லித் தொலைக்கலாம் என்று வாயைத் திறந்தபோது தங்கை முந்திக்கொண்டாள்.

"அக்கா. உருப்படின்னே வெச்சிடலாம்."

"என்னடி?"

"உருப்படிகள் சங்கம். நாம எண்ணறதுதானே. அந்த ஒரு சொல்லை விட்டுட்டுத்தான் அவங்க மத்ததை எடுத்துக்கிட்டாங்க. இதை எவனும் திருட மாட்டான்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். அவள் மடியில் இருந்த பையைப் பார்த்தாள். பிறகு, "எழுது," என்றாள்.

சலவைக்கூட உருப்படிகள் சங்கம். தங்கை எழுதி அக்கா கையெழுத்துப் போட்டபோது நாலு நாற்பத்துநாலு. சிவப்பு மை தாளை வாங்கினார். அந்தச் சொல்லைப் பார்த்ததும் வழக்கப்படி அவர் கை தானாகப் பைக்குப் போனது. சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இது பிழை," என்றார்.

"இல்லைங்க," என்றாள் தங்கை. "இது பேரு."

பேனா முனை அந்தச் சொல்லுக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அவர் மூடியைத் திருகி மூடினார்.

"பேர்ல பிழை பார்க்க எனக்கு அதிகாரம் இல்ல." பதிவேட்டை இழுத்துவைத்துக் கறுப்புப் பேனாவை எடுத்தார். "மொத்தம் எத்தனை?"

"ஏழு உருப்படி," என்றாள் அக்கா, பழக்க தோஷத்தில்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஐந்து அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது உள்ளே இருந்து சான்றிதழ் வந்தது. மை காயாத கையெழுத்து, பதிவு எண், முத்திரை. சிவப்பு மை அதை வலைக்குக் கீழே நீட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கைதான் பையை நகர்த்திவிட்டு வலது கையை வெளியே எடுத்தாள். மிஞ்சியிருந்த இரண்டு விரலால் சான்றிதழை இறுக்கிப் பிடித்தாள்.

"நாளைக்கு உன் பக்கத்துல நான் உட்காருறேன்க்கா," என்றாள். "கையை மேஜை மேலயே வெச்சுக்கிட்டு."